கருவேலம்பட்டையில் வெந்த கூண்டு

சிதம்பரத்தில் என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் என்பது பெயர்ப்பலகையில் இருப்பது. கடையின் உயிர் பின்கட்டில் நடக்கும் பைண்டிங்தான். ஆராய்ச்சி மாணவர்கள் வருடக்கணக்கில் எழுதிய ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி வாரத்தில் வருவார்கள். சிலர் கடைசி நாளில் வருவார்கள். மாமா அட்டையை வெட்டி, காலிகோ துணியை ஒட்டி, முதுகில் தங்க எழுத்து பதிக்க வைத்து, பிரஸ்ஸில் இறுக்கிப் புத்தகமாக்கிக் கொடுப்பார். அந்த நேரத்தில் வழிகாட்டிப் பேராசிரியரைவிட மாமாவுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி.

அந்த மரியாதையைப் பெருச்சாளி ஒன்று தின்ன ஆரம்பித்தது.

கடைக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அங்கிருந்து வந்து, கதவுக்கடியில் நுழைந்து, நேராகப் புதிதாக ஒட்டிய புத்தகங்களிடம் போகும். காரணம் மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சிகள் அதை மதித்தன. பெருச்சாளியோ ஊறுகாய் தொட்டுக்கொண்டதுபோல் சாப்பிட்டது. இதில் விசேஷம், அது புத்தகத்தின் முதுகை மட்டும்தான் தின்னும். உள்ளே ஓர் எழுத்தைத் தொடாது. "முன்னுரைகூட படிக்காம போவுது மச்சான்" என்று மாமா போனில் வருத்தப்பட்டார்.

விஷம் வைக்க அக்கா விடவில்லை. பிள்ளையார் ஏறுகிற வாகனத்துக்கு விஷம் வைத்த கடையில் எவன் வந்து பைண்டிங் பண்ணுவான் என்று கேட்டாள். பசைத் தட்டு வைத்துப் பார்த்ததில் பக்கத்து டீக்கடைப் பூனைக்குட்டி மாட்டிக்கொண்டு, அதைப் பிரித்தெடுக்கத் தேங்காயெண்ணெய் பாட்டில் முழுதும் தீர்ந்தது. கடைத்தெருவில் வாங்கிய சின்ன எலிக்கூண்டுக்குள் பெருச்சாளியின் தலை மட்டும் போயிற்று. காலையில் கூண்டு கடையின் நடுவில் கிடந்தது. தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, அந்த மேடம் வருகிற வரைக்கும்.

அவர் கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். ஊர் பிச்சாவரம் பக்கம். அவருடைய அப்பா நண்டு பிடிக்கிறவர். மேடத்தின் ஆராய்ச்சியும் சேற்று நண்டைப் பற்றித்தான். கல்யாணம், இரண்டு பிரசவம், வகுப்பு, விடைத்தாள் திருத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் எழுதி, கெடுவை நீட்டி, நீட்டிய கெடுவையும் நீட்டி, இனி நீட்ட முடியாது என்று சொல்லிவிட்ட இடத்தில் நின்றார். பூஜை விடுமுறை முடிந்து பல்கலைக்கழக ஆபீஸ் திறக்கிற அன்றைக்கே ஐந்து பிரதிகளைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நண்டு பிடிப்பது உட்பட.

தங்க எழுத்து பதிக்கும் வேலையை மாமா பாண்டிச்சேரிக்கு அனுப்பித்தான் செய்து வாங்குவார். ஒரு முதுகு போனால் மறுபடி செய்து வாங்க அவகாசம் இருக்காது. மேடத்துக்கு அது தெரியும். கடைக்கு வந்தபோது அலமாரியில் முதுகில்லாமல் கிடந்த இரண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளையும் பார்த்துவிட்டார். எடுத்து, முதுகு இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு வைத்தாராம். அதுதான் மாமாவைக் கலக்கிவிட்டது.

"மச்சான், நீ கெமிஸ்ட்ரிதானே. ஏதாச்சும் பண்ணு" என்றார்.

நான் அப்போது கடலூரில் எங்கள் வீட்டில் இருந்தேன். வேதியியலில் முதுகலை முடித்து, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாடத்தைத் திறந்தால் அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சாயங்காலத்துக்குள் பாடத்திட்டத்திலேயே இல்லாத எங்கேயாவது போய் நிற்கிற ஜாதி நான். மாமா கேட்ட அன்றைக்கு, பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், தாடிக்காரர் ஒருவர் மிருகம் பிடிக்கிற தன் இரும்புக் கண்ணிகளைச் சுத்தம் பண்ணுகிற வீடியோவில் போய் நின்றேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மிருகம் இரும்பைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அதிலிருக்கிற வாசனையைக் கண்டுதான் பயப்படுகிறது. மெஷின் எண்ணெய், வெல்டிங் புகை, மனிதன் கை. இவற்றை நீக்கி, மரப்பட்டைச் சாற்றில் வேகவைத்து, மேலே மெழுகு பூசிவிட்டால், கண்ணி காட்டில் கிடக்கிற குச்சி மாதிரி ஆகிவிடும்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பட்டையில் இருப்பது டானின், துவர்ப்பைத் தருகிற பொருள். துருவோடு சேர்ந்தால் நீலக்கறுப்பாக இரும்பில் படியும். பாடத்தில் படித்தது கடைசியில் ஒரு பெருச்சாளிக்காவது உபயோகப்படப்போகிறது.

முதுநகரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கூண்டு செய்யச் சொன்னேன். முலாம் பூசாத கறுப்புக் கம்பிவலை, ஸ்பிரிங் கதவு, உள்ளே இரை மாட்ட ஒரு கொக்கி. போன கூண்டு தொப்பியானதை மனதில் வைத்து, அளவைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருந்தேன். பட்டறைக்காரர் முடித்துக் கொடுக்கும்போது, "நாய் என்னா ஜாதி தம்பி?" என்று கேட்டார்.

வீட்டில் அம்மாவும் அதையேதான் கேட்டாள். பெருச்சாளிக்கு என்றதும், பெருச்சாளி மட்டுமா, குடும்பத்தோட வருதா என்றாள்.

சுத்தம் பண்ணுவது நான் நினைத்ததைவிடப் பெரிய வேலை. முதலில் சலவை சோடா போட்ட கொதிக்கிற தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். வெல்டிங் வைத்த மூட்டுகளில் கருகிய செதில் ஒட்டியிருந்தது. அதற்குப் புளியைக் கரைத்துத் தடவி ஊறவிட்டு, கம்பி நாரால் தேய்த்தேன். பெரிய கூண்டு என்றால் எத்தனை மூட்டு என்று தேய்க்கும்போதுதான் தெரிகிறது. அம்மா வந்து பார்த்தாள். "என் பித்தளை குத்துவிளக்க இப்படி ஒரு நாள் தேச்சிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, மீதிப் புளிக்கரைசலோடு குத்துவிளக்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தது துரு. சாயம் பிடிக்க இரும்பின் மேல் மெல்லிய துரு வேண்டும். அதற்காகக் கண்ணிகளை வாரக்கணக்கில் வெளியில் போட்டுவைக்க வேண்டும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். பாவம், அவர் கடலூரில் குடியிருந்ததில்லை. எங்கள் தெருவில் கடல்காற்று சைக்கிள் செயினைத் தின்று, ஜன்னல் கம்பியைத் தின்று, பீரோவின் காலைத் தின்றுகொண்டிருக்கிறது. மாடியில் வைத்த கூண்டு மறுநாள் காலையில் மாம்பழ நிறத்தில் இருந்தது. ஊரின்மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை அதற்கு முன்னால் வந்ததில்லை.

பட்டைக்கு நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கருவேலம்பட்டையும் கடுக்காயும் கேட்டேன். பல் வலியா, வயிற்றுப் போக்கா என்று கடைக்காரர் கேட்டார். இரண்டும் இல்லை, பெருச்சாளி என்றேன். மேற்கொண்டு கேட்காமல் பொட்டலம் கட்டினார்.

வேகவைக்கப் பாத்திரம் வேண்டும். அம்மாவிடம் ஒரு அலுமினிய அண்டா உண்டு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது, அதற்குப் பிறகு பொங்கலுக்கு வெந்நீர் போட மட்டும் இறங்கும். அதை நான் கேட்ட விதத்தில் சாயம், கறை போன்ற சொற்கள் வரவில்லை. பின்பக்கம் மூன்று கல் வைத்து, விறகு போட்டு, பட்டையும் கடுக்காயும் கொதித்ததும் தெரு முழுக்க வைத்தியசாலை வாசனை. எதிர்வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, பையனுக்கு இந்த வயசுலயே நரைச்சிடுச்சா என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "அதுக்குதான் இவ்ளோ போடுறான்" என்றாள்.

கூண்டு அண்டாவுக்குள் பாதிதான் இறங்கியது. ஒரு பாதியை வேகவைத்து, தலைகீழாகத் திருப்பி மறுபாதியை வேகவைத்தேன். மாம்பழ நிறம் முதலில் சேறாகி, பிறகு மழைமேக நிறத்துக்கு வந்து, கடைசியில் கரிக்குருவியின் முதுகு மாதிரி நீலம் ஓடிய கறுப்பானது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. அண்டாவும் அதே நிறத்துக்கு வந்திருந்தது. அதை நான் பார்க்காததுபோல் இருந்தேன். அம்மா பார்த்தாள்.

மெழுகுதான் கடைசி. மெழுகுவத்தி வாசனை அடிக்கும் என்று தேன்மெழுகு வாங்கியிருந்தேன். சுத்தமான தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் மெழுகைப் போட்டால், உருகி மேலே ஏடுபோல் மிதக்கும். கூண்டை உள்ளே இறக்கி, இரும்பு நன்றாகச் சூடானதும், அந்த ஏட்டின் வழியாக மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய பூச்சு. இதையும் இரண்டு பாதியாகச் செய்ததில், நடுவில் இரண்டு பூச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழுந்து, கூண்டு அரைஞாண் கட்டியதுபோல் இருந்தது.

அதன் பிறகு ரப்பர் கையுறை இல்லாமல் அதை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். வெறும் கை பட்டால் எல்லாம் பாழ். துவைத்து வேப்பிலைப் புகை காட்டிய பழைய வேட்டியில் கூண்டைச் சுற்றினேன். சுற்றி முடித்துப் பார்த்தால், நாள் ஆயுத பூஜை.

இதில் எனக்குக் கவலை இல்லை. சொல்லப்போனால் அதுதான் சரியான நாள். பூஜையன்று பிரஸ்ஸைக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்பதால், மேடத்தின் ஐந்து பிரதிகளும் அன்று மத்தியானமே வெளியில் வந்துவிடும், பசை முழுசாகக் காய்வதற்கு முன்னாலேயே. அன்றைக்குத்தான் கூண்டு தேவை.

பஸ்ஸுக்கும் அன்றைக்குப் பூஜை. முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்து, டிரைவருக்கு ரோடு தெரிந்ததா என்பதே சந்தேகம். வேட்டி சுற்றிய கூண்டை மடியில் வைத்து, கையுறையோடு உட்கார்ந்திருந்த என்னிடம் கண்டக்டர் வந்தார்.

"உள்ள என்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணே. வெறும் கூண்டு."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு தம்பி கிளவுஸ்?"

விளக்கினேன். சோடாவிலிருந்து தேன்மெழுகு வரைக்கும். முன்சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். அவருக்குக் கீரப்பாளையம், நெல் விவசாயம். பெருச்சாளி மாட்டினால் கொல்ல மாட்டோம், ஊருக்கு வெளியே வயல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்றேன். எந்தப் பக்கத்து வயல் என்று கேட்டார். அவர் கேட்ட தோரணையில், பதிலைச் சிதம்பரம் வருகிறவரைக்கும் ஒத்திவைத்தேன்.

கடையில் எல்லாம் கழுவித் துடைத்து ஈரமாக இருந்தது. வெளியில் மழை பிடித்திருந்தது. மேடம் ஒரு ஸ்டூலில், குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஐந்து பிரதிகள், மெரூன் காலிகோ, முதுகில் தங்க எழுத்து. கையை வைத்துப் பார்த்தால் இன்னும் ஜில்லென்று இருந்தன. கையோடு எடுத்துப்போக முடியாது, மழையில் நனைந்தால் அட்டை ஊதிவிடும். பீரோவில் வைத்துப் பூட்டவும் முடியாது, காற்று போகாவிட்டால் துணி குமிழ் விடும். காற்றோட்டமாக ஒரு ராத்திரி இருந்தே ஆக வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் தீர்ப்பு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தது. சரஸ்வதி முன்னால் புத்தகம் வைத்தால் விடிந்து, மறுபூஜை ஆன பிறகுதான் எடுக்கலாம். மேடம் வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அவரே, "எங்க வூட்ல ஜெபம் பண்ணியாச்சு. இங்கயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இன்னிக்கி எந்தச் சாமியையும் விட்டுவைக்கிற மாதிரி இல்ல" என்றாராம்.

நான் கூண்டை அவிழ்த்து நடுவில் வைத்தேன். மாமா ஒரு சுற்று சுற்றி வந்தார். "மச்சான், இது கூண்டு இல்ல, கல்யாண மண்டபம்" என்றார். கை நீட்டியவரைத் தடுத்து, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இரைக்காகத் துத்தம் போடாத மைதாப் பசை கிண்டப் பின்கட்டுக்குப் போனேன். அதன் கெட்டி சரியாக வரக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது கூண்டுக்கு மூன்று பட்டைச் சந்தனம் இட்டிருந்தது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கதவில் ஒரு முழம் மல்லிகை. அக்கா பக்கத்தில் நின்று, ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். கையுறை இல்லை.

"இத யாரு பண்ணா?"

"நான்தான். நல்லாருக்குல்ல? கடையிலயே இதுதான்டா லட்சணமா இருக்கு" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் கட்டிங் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், ஸ்டேப்ளருக்கு வைத்தாள், கால்குலேட்டருக்கு வைத்தாள், மின்விசிறியின் சுவிட்சுக்கும் வைத்தாள். கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டு கடை நடுவில் புது இரும்பு ஒன்று உட்கார்ந்திருந்தால், இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் சும்மா தாண்டிப் போவாள்? சோடா, புளி, பட்டை, மெழுகு, இவ்வளவும் பண்ணி நான் கழற்றிய வாசனைகளுக்குப் பதிலாக, சந்தனமும் மல்லிகையும் ஊதுபத்தியும் சேர்ந்து, கூண்டு இப்போது நேராகத் தேரடிக்குக் கிளம்பத் தயாராக இருந்தது.

பரவாயில்லை, இரையை மாட்டிக் கதவைத் தூக்கி வைக்கிறேன் என்றேன். அக்கா பொட்டு வைத்த பொருளை விடிகிற வரைக்கும் வேலை வாங்கக் கூடாது என்றுவிட்டாள்.

மாமா எனக்குத் துணைக்கு வந்தார். கூண்டு வேலையே செய்வதில்லை, அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது, பெருச்சாளிதான் வந்து வேலை செய்கிறது என்று வாதாடினார். வக்கீலுக்குப் படிக்கவேண்டிய மனுஷன்.

"சும்மா இருக்குறதெல்லாம் வேலை இல்லன்னா, கல்லாவுல உக்காந்திருக்குற உங்களுக்கும் ஒரு பொட்டு வச்சி விடிய விடிய உக்கார வச்சிடவா?" என்றாள் அக்கா.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அப்போது மேடம் ஸ்டூலிலிருந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"ராத்திரி அது வந்தா?"

மாமா பின்கதவைப் பார்த்தார். கதவுக்கடியில் மாமா அடைத்து வைத்திருந்த செங்கல்லை அது எத்தனை தடவை நகர்த்தியிருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். போதாக்குறைக்குப் பூஜைக்காகச் சுண்டலும் வாழைப்பழமும் வெல்லமும் தரையில் பரப்பி, நடுவில் ஈரப்பசையோடு ஐந்து புத்தகத்தையும் அடுக்கப்போகிறோம். பத்திரிகை அடித்து அழைக்காததுதான் பாக்கி.

மேடம் எழுந்தார். குடையை ஸ்டூலில் வைத்தார். கூண்டின் முன்னால் குனிந்து ஸ்பிரிங் கதவைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஒரு தரம் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் படுக்கைவசமாக உள்ளே தள்ளினார். அது போயிற்று. சுற்றிலும் இடமிருந்தது.

"எங்க அப்பா நண்ட வித்து முடிக்கிற வரைக்கும் கூண்டுலதான் போட்டு வச்சிருப்பாரு. தண்ணி உள்ள வந்து போவும். வேற எதுவும் வந்து போவாது" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது வழக்கு அவளிடம்தான் இருந்தது. பொட்டு வைத்த கூண்டை வேலை வாங்கலாமா கூடாதா? அக்கா கதவிலிருந்த மல்லிகையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"புடிக்கிறதுதான் அதோட வேலை. பாத்துக்கிறது அதோட வேலை இல்லியே" என்றாள். "கதவு மூடியே இருந்தா சரி."

பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காற்று போக நடுநடுவே மரச் சட்டங்களைச் சொருகினார் மாமா. பக்கவாட்டுக் கம்பியில் எதுவும் படாதபடி ஒவ்வொன்றாக நகர்த்தி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி நகர்த்தினார். வெளியிலிருந்து பல் எட்டக்கூடாதே. கதவைப் பைண்டிங் நூலால் நாலு சுற்று கட்டினார். நாய்க்கூண்டு அளவு என்று சிரித்தவர்கள் எல்லோரும் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். கூண்டோடு தூக்கிச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தோம். அக்கா கற்பூரம் காட்டினாள். மேடம் கண்ணை மூடி, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, தட்டில் விபூதியும் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடலூருக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். பாதி வழியில் மேடம், அந்தக் கறுப்பு காலிகோவில் ஒட்டாதே தம்பி என்று கேட்டார். ஒட்டவே ஒட்டாது மேடம், மேலே மெழுகு இருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் மெழுகே ஒட்டுமே என்று தோன்றியது. மீதி வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேருகிற வரைக்கும் மாமா ஷட்டரைத் திறக்கவில்லை. அவருக்குத் தனியாகப் பார்க்கத் தைரியமில்லை. மேடம் வந்ததும் தூக்கினார்.

விருந்து நடந்து முடிந்திருந்தது. சுண்டல் இருந்த இலை மட்டும் இருந்தது, அதுவும் முழுசாக இல்லை. வாழைப்பழத்தில் தோல் மிச்சம். நான் கெட்டி பார்த்துக் கிண்டி மேஜைமேல் மறந்துவிட்டுப் போன பசைக் கிண்ணம், கழுவி வைத்த மாதிரி இருந்தது. கூண்டின் கதவிலிருந்த மல்லிகையைக் காணோம், நார் மட்டும் தொங்கியது. சந்தனப் பட்டைகளில் ஒன்று பாதியோடு நின்றது, மீதி நக்கப்பட்டிருந்தது. கூண்டின் மேற்புறத்தில் புழுக்கைகள். ஏறி உட்கார்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டு, வெகு நேரம் யோசித்திருக்கிறது.

மாமா நூலை அறுத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். முதுகு, தங்க எழுத்து, மூலைகள், எல்லாம் அப்படியே இருந்தன. நன்றாகக் காய்ந்து, தட்டினால் சத்தம் வந்தது. மேடம் ஒவ்வொன்றின் முதுகையும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார்.  நாலாவதைத் தடவும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

ஐந்தாவது, அடியில் இருந்தது. மாமா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கவாட்டுக் கம்பிக்கு அவ்வளவு இடம் விட்டவர்கள், அடியில் ஒரு அட்டைகூடப் போடாமல் நேராகக் கம்பிவலையின்மேல் அடுக்கியிருந்தோம். பின்னட்டை முழுக்க மெல்லிய கட்டங்கள். வரிசை பிசகாமல், ஒரே அளவில், மெரூன் துணியில் மெழுகும் சாயமும் சேர்ந்து பதிந்திருந்தன. மாமா ஈரத்துணியால் துடைத்தார். கட்டங்கள் இன்னும் தெளிவாயின. நான் அறிவியல்பூர்வமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ இருடா" என்றாள் அக்கா.

மேடம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்க அப்பா வலைய காயப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். "இருக்கட்டும். இதையே மேல வைங்க."

ஐந்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்குமேல் துப்பட்டா சுற்றி, மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். அன்றைக்கு ஆபீஸ் இல்லை, விஜயதசமி. அடுத்த நாள் காலை ஆபீஸ் திறக்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று அருகிலேயே ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் நானும் கடையில் இருந்தபோது போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார். வாங்கிக்கொண்டார்கள் என்றார் மேடம்.  ஆபீஸில் உட்கார்ந்து நாலு வாய் சோறு அப்போதுதான் சாப்பிடுகிறாராம். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கிளார்க் மேல இருந்தத திருப்பிப் பாத்துட்டு, இது என்னாமா புது டிசைன்னு கேட்டாரு. செக்யூரிட்டி டிசைன் சார்னு சொன்னேன். எல்லாத்துலயும் போட்டிருக்கணும், ஒண்ணுல மட்டும் இருக்குதேன்னு கோவிச்சிக்கிட்டாரு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கடலூரில், அம்மாவின் அண்டாவைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும் முயற்சியில், புளியும் கம்பி நாருமாகப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாமாவிடமிருந்து போன். பெருச்சாளி மாட்டிக்கொண்டதா என்று ஆவலாகக் கேட்டேன். அது சௌக்கியமாக இருக்கிறது, ராத்திரி வந்து கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டுப் போகிறது என்றார். கூண்டில் அதற்கு இடமில்லை, எல்லோரும் அவரவர் ஆய்வேட்டை அதில்தான் வைக்கச் சொல்கிறார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் யாரோ கஸ்டமர் நின்றிருக்க வேண்டும்.

"மச்சான், அந்தப் பட்டை மீதி இருக்குதா? ஒரு பையன் வந்திருக்கான். பின்னாடி கட்டம் போட்டாதான் ஆபீஸ்ல வாங்குறாங்களாம்."